மாரிக்குப் பிறகு மைதானம்: வன்னிக் கழகங்களும் பாடசாலைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வன்னியில் மைதானம் என்றால் பெரும்பாலும் பாடசாலை வளவு, இல்லையென்றால் கழகத்துப் பெடியள் பற்றை வெட்டித் துப்புரவாக்கிய ஒரு திடல். ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரை அங்கே விளையாடுவது தண்ணீரும் மாடும்தான். தண்ணீர் வடிந்த கையோடு இல்ல மெய்வல்லுநர் போட்டி, அதன் பின்னால் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. இடையில் கிடைக்கும் சில வாரங்களில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. நான் இங்கிலாந்தில் ஒரு கோல்ஃப் கழகத்தில் புல்தரை பராமரிக்கும் வேலை பார்த்தவன். இப்போது இருப்பது கிளிநொச்சிப் பக்கம். அங்கத்தைய முறைகளில் எது இங்கே செல்லும், எது செல்லாது என்பதையும் பதில்களில் சேர்த்திருக்கிறேன்.

மழை விட்டிட்டுது. முதல் வேலை என்ன?

கேற்றைப் பூட்டுவது. கேற் இல்லாத இடத்தில் குறுக்கே கயிறு கட்டி, "மைதானம் மூடப்பட்டுள்ளது" என்று ஒரு மட்டையில் எழுதித் தூக்குவது.

மைதானத்தை மழை கெடுப்பது குறைவு. ஈர மண்ணின் மேல் நாம் ஏற்றும் பாரம்தான் அதிகம் கெடுக்கிறது. மண்ணுக்குள் காற்றும் நீரும் போய்வரச் சிறு துளைகள் உண்டு. நனைந்த மண் வழுக்கும் தன்மையோடு இருக்கும்போது அதன் மேல் உழவு இயந்திரமோ இருபது பேரின் பூட்சோ ஏறினால் அந்தத் துளைகள் நசுங்கிப்போகும். காய்ந்ததும் மண் அப்படியே இறுகிவிடும். பிறகு அடுத்த மழைத் தண்ணீர் கீழே இறங்காது, வேரும் இறங்காது. "போன வருசம் இவ்வளவு தண்ணி நிக்கேல்லையே" என்று நாம் சொல்வதன் காரணம் பல நேரங்களில் போன வருசம் ஈரத்தில் விளையாடிய அந்த ஒரு சினேகபூர்வ ஆட்டம்தான்.

இங்கிலாந்தில் மழையும் குளிரும் ஒன்றாக வரும். தண்ணீர் நின்றால் கோல்ஃப் கழகங்கள் மைதானத்தை மூடிவிடும். மூடாத நாளிலும் தள்ளுவண்டியைத் தடுக்கும். குழி இருக்கும் மழித்த புல்தரையை, அதாவது கிறீனை, ஓய்வுக்கு விட்டு அதன் முன்னால் தற்காலிகமாக வேறொன்று வெட்டிக்கொடுக்கும். சந்தா கட்டிய உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள். அதற்காகத் திறக்க மாட்டார்கள். அவர்களிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது முதலில் அந்தப் பூட்டை. மெஷின்களைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்.

எத்தனை நாள் பூட்டி வைக்கிறது? பெடியள் கேக்க மாட்டாங்களே.

நாள் கணக்குச் சொல்ல முடியாது. மண்ணைத்தான் கேட்க வேண்டும். வயல் செய்பவருக்குப் பதம் தெரியும். அதே பதம்தான் இங்கேயும். நாலு விரல் ஆழத்தில் கொஞ்ச மண்ணைக் கிண்டி எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் திரியாக உருட்டுங்கள். 3 மில்லிமீற்றர் மொத்தத்துக்கு, ஏறக்குறைய விளக்குத் திரி அளவுக்கு, உடையாமல் வந்தால் இன்னும் ஈரம் கூட. அந்த மொத்தம் வருமுன் நொறுங்கினால் இறங்கி வேலை செய்யலாம். வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் மண் பரிசோதிக்கும் பொறியியலாளர்களும் இந்த 3 மில்லிமீற்றர்த் திரியைத்தான் உருட்டிப் பார்க்கிறார்கள்.

மேல் மண் காய்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். செம்மண்ணில் மேலே ஓடு பிடித்திருக்கும், அடியில் சேறாக இருக்கும்.

ஆனால் காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. இங்கிலாந்தில் மழைக்குப் பின் மண் குளிர்ந்து கிடக்கும். சித்திரை வரை புல் தூங்கும். அங்கே வெயில் எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். இங்கே தையிலேயே மண் சூடாக இருக்கிறது. வெளிச்சம் வந்தவுடன் அறுகு ஓடத் தொடங்கும். அது நமக்கு ஆதாயம். ஆனால் வெயில் நம்மை விரட்டும். பங்குனி கடைசியில் செம்மண் அலவாங்கு போட்டாலும் இறங்காத அளவுக்கு இறுகிவிடும். ஆகவே தை நடுவிலிருந்து மாசி முடிவு வரைதான் வேலைக்காலம். அதற்குள் பதம் பிடித்த நாட்களைத் தவறவிடக் கூடாது.

தண்ணி நிக்கிற இடத்துக்குக் கிரவல் போட்டு உயர்த்தலாமா? ஒரு கொடையாளர் பத்து லோட் தாறன் எண்டிறார்.

வேண்டாம். கிரவல் வீதிக்கு. அதன் மேல் புல் நிற்காது, விழுகிற பிள்ளையின் முழங்கால் நிற்காது. ஒரு பள்ளத்தை நிரப்பினால் தண்ணீர் பக்கத்துப் பள்ளத்துக்குப் போகும். மொத்தத் தண்ணீரில் ஒரு சொட்டும் குறையாது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போக முடியாமல் நிற்கிறது என்று பாருங்கள். வன்னியில் நான் பார்த்த பல மைதானங்களில் குறை மைதானத்துக்குள் இல்லை. போருக்குப் பின் வீதிகள் உயர்த்தப்பட்டன. சுற்றியுள்ள வளவுகளில் மண் கொட்டி வீடு கட்டினார்கள். மைதானம் மட்டும் பழைய மட்டத்தில் நின்று, எல்லோருடைய தண்ணீரையும் வாங்குகிறது. முன்பு தண்ணீர் போன மதகு தூர்ந்திருக்கும், அல்லது யாரோ மதில் கட்டி மறித்திருப்பார்கள்.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். மேசன்மார் வைத்திருக்கும் தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு தடிகளில் கட்டி, மைதானத்தின் நடு, நான்கு மூலை, வெளிக்கான், மதகு எல்லாவற்றுக்கும் மட்டம் எடுங்கள். உதைபந்தாட்ட மைதானத்துக்கு நடுப்பகுதி ஓரத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். 64 மீற்றர் அகலமான திடலில் நூற்றுக்கு ஒன்று சரிவு என்றால் நடுக்கோடு பக்கக் கோட்டைவிட ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் உயரம். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

வெளியேற்றம் கிடைத்தால் மைதானத்தைச் சுற்றி, கோட்டுக்கு வெளியே இரண்டு மீற்றர் தள்ளி, ஆழமில்லாத அகலமான கான் ஒன்று போதும். பிள்ளை ஓடிவந்து விழுந்தாலும் கால் முறியாத சரிவில் வெட்டுங்கள். மைதானத்துக்குக் குறுக்கே மூடிய கான் தேவையானால் ஓரடி அகலம், ஒன்றரை அடி ஆழம், கீழே முக்கால் அங்குலக் கல், அதன் மேல் பருமணல், மேலே ஒரு சாண் அளவுக்கு மணல் கலந்த மண். கல் மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. 100 மீற்றருக்கு அரை மீற்றராவது விழ வேண்டும். வெளியேற்றம் இல்லாமல் கல்லுக்கான் வெட்டினால் அது நீளமான ஒரு குளம், அவ்வளவுதான்.

வெளியேறும் தண்ணீர் யாருடைய வயலுக்குப் போகிறது என்பதையும் முன்னரே கதைத்துவிடுங்கள். கமக்காரர் அமைப்பு, பிரதேச சபை, பெருவீதியானால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. காலபோக (மாரிக்கால நெல்) வயலுக்குள் திடீரென்று தண்ணீரைத் திருப்பினால் அடுத்த சந்திப்பு மைதானத்தில் நடக்காது, பொலிசில் நடக்கும்.

கான் வெட்ட ஜேசிபி பிடிக்கலாம்தானே?

பிடிக்க முன்னர் ஒரு விடயம். இது வன்னி. நிலம் துப்புரவாக்கப்பட்டு மக்கள் மீளக்குடியேறிய இடங்களிலும் வெடிக்காத எறிகணைகளும் குண்டுகளும் இன்றும் கிடைக்கின்றன. வெள்ளம் மண்ணை அரித்து அவற்றை மேலே கொண்டுவரும், சில வேளை இடமும் மாற்றும். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றும் வேலைக்கு 2028 யூன் வரை காலம் இருக்கிறது. வேலை இன்னும் முடியவில்லை.

ஆகவே இதுவரை கிண்டாத ஆழத்துக்குக் கிண்டுவதானால், முதலில் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அந்தக் காணி துப்புரவாக்கப்பட்டுக் கையளிக்கப்பட்டதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அவர்கள் மூலம் கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்துக்கு அறிவிக்கலாம். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகியவை வடக்கில் இந்த வேலையைச் செய்து வருபவை. சிரமதானத்தில் மண்வெட்டியில் ஏதாவது இரும்பு தட்டினால் நிறுத்துங்கள். தொடுவது, தூக்கிப் பார்ப்பது, தூர எறிவது, போட்டோவுக்காகக் கிட்டப் போவது ஒன்றும் கூடாது. வந்த காலடியிலேயே திரும்பி, மற்றவர்களையும் விலக்கி, 119க்கு எடுத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரருக்கு விற்கலாம் என்ற நினைப்பே வரக்கூடாது.

இதெல்லாம் சரியான பின், இயந்திரம் இறங்கலாம். பதம் பார்த்து, ஒரே பாதையில் போய் ஒரே பாதையில் திரும்ப வேண்டும். மைதானம் முழுக்க வட்டமடித்தால் கான் வெட்டிய நன்மை சக்கரத்தோடு போய்விடும்.

ஒவ்வொரு மாரிக்கும் அதே இடத்தில் குழி விழுகுது. ஏன்?

பழைய பங்கர், பதுங்குகுழி, மலசலகூடக் குழி, பிடுங்கிய மரத்தின் அடி: இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அவசரத்தில் தள்ளி மூடிய மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். மேலே மண் கொட்டிக்கொண்டே இருந்தால் சில வருடங்களில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். பனங்குற்றியும் தகரமும் உக்கிக் கிடக்கும் பங்கரானால் நிற்காது. ஒருநாள் ஒரு கால் உள்ளே போகும்.

சரியான வழி, மேலே சொன்ன எச்சரிக்கையோடு, புல்லைத் துண்டுதுண்டாகச் சீவி எடுத்துப் பக்கத்தில் நனைத்து வைப்பது. பின் உள்ளேயுள்ள குப்பையை எடுத்துவிட்டு, ஒரு சாண் மண், அதன் மேல் கட்டையால் இடி, பிறகு அடுத்த சாண் என்று அடுக்கடுக்காக நிரப்பி, கடைசியில் புல்லைத் திரும்ப வைப்பது. பங்கராக இருக்கலாம் என்று தெரிந்தால் முதலில் அறிவிப்பு, பிறகுதான் மண்வெட்டி.

கோல்ஃப் மைதானங்களில் துளை போட்டு மணல் போடுவினமாம். அது இஞ்ச சரிவருமா?

சரிவரும். நான் அங்கே கற்றதில் இங்கே அதிகம் பயன்படுவது இதுதான்.

இறுகிய தரையில் விரல் மொத்தமான துளைகள் போட்டு, எடுத்த மண்ணைக் கூட்டி அகற்றி, துளைக்குள் மணல் நிரப்புவார்கள். தண்ணீர் கீழே போகவும் காற்று வேருக்குப் போகவும் அது வழி. ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்றூஸ் மைதானத்தைப் பராமரித்த ஓல்ட் டொம் மொறிஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே புல்லுக்கு மணல் தூவியவர் என்று கோல்ஃப் வரலாறு சொல்கிறது. இன்று பல கோல்ஃப் கிறீன்களில் அடியில் 10 சென்ரிமீற்றர் சரளைக்கல், அதன் மேல் 30 சென்ரிமீற்றர் மணல் என்று தரையையே மணலால் கட்டுகிறார்கள். நமக்கு அந்தக் கட்டுமானம் வேண்டாம், கட்டவும் முடியாது. துளையும் மணலும் மட்டும் போதும்.

இயந்திரம் இல்லாவிட்டால் தோட்டத்து முள்ளு, அதாவது நாலு பல்லுக் கவர். ஒரு சாண் இடைவெளியில் நாலு அங்குலம் இறக்கி, பின்பக்கம் கொஞ்சம் சாய்த்து, மண்ணைப் புரட்டாமல் இழுத்து எடுக்க வேண்டும். வெல்டிங் கடையில் பழைய குழாயை ஓரமாகச் சீவி, உள்ளீடற்ற பல்லாகக் கொடுத்து ஒரு கைக்கவர் செய்தால் இன்னும் நல்லது. அது மண்ணை வெளியே எடுத்துவிடும்.

முழு மைதானத்துக்கும் செய்ய ஆசைப்படாதீர்கள். கணக்கைப் பாருங்கள்: 100க்கு 64 மீற்றர் மைதானம் 6,400 சதுர மீற்றர். 5 மில்லிமீற்றர் மொத்தத்துக்கு மணல் தூவ 32 கன மீற்றர் வேண்டும், அதாவது 11 கியூப்புக்கு மேல் (ஒரு கியூப் 100 கன அடி). ஆனால் கோலுக்கு முன்னாலுள்ள சின்னப் பெட்டி ஏறக்குறைய 100 சதுர மீற்றர்தான். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு கன மீற்றர் மணல். அதிகம் மிதிபடுவதும் சேறாவதும் அந்த இடமே. ஒரு கியூப் வாங்கினால் இரண்டு கோல்வாய், நடுவட்டம், நீளம் பாய்தல் ஓடுபாதை எல்லாம் முடியும். மிச்ச மைதானத்தை அறுகு பார்த்துக்கொள்ளும்.

எந்த மணல்? கடல் மணல் சும்மா கிடைக்குதே.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஏற்றிவரத் தோன்றும். வேண்டாம். உப்பு இருக்கிறது. புல்லுக்கும் கெடுதல், களிமண்ணுக்கும் கெடுதல். ஆற்று மணல், அரித்தது, அரிசிக் குறுநல் அளவுக்குக் கீழே. மிக மென்மையான பூச்சு மணல் துளையை அடைத்துவிடும். மணல் ஏற்ற அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் வாங்குங்கள். கழகத்தின் பெயரில் வழக்கு வர வேண்டாம்.

துளை போடாமல் களியின் மேல் மணலைக் கொட்டினால் இரண்டும் தனித்தனிப் படையாக நிற்கும், தண்ணீர் இடையில் தேங்கும். களியோடு கொஞ்ச மணலைக் கொத்திக் கலப்பது அதைவிட மோசம், காய்ந்ததும் செங்கல்லாகிவிடும்.

எல்லா ஊர் மண்ணுக்கும் ஒரே வைத்தியமா?

இல்லை. வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துச் செங்கபில மண் மேட்டில் ஓரளவு வடியும். அதன் பள்ளத்தில், வயல் மட்டத்துக்குக் கிட்டவுள்ள சாம்பல் மண் வடியாது. அங்கே மைதானம் இருந்தால் துளையைவிடக் கானுக்கே முதலிடம். மன்னார் மாவட்டத்தின் முருங்கன் பக்கத்துக் கருங்களி மழையில் வீங்கும், வெயிலில் கை போகும் அளவுக்கு வெடிக்கும். வெடிப்பு அந்த மண்ணின் இயல்பு. அதைச் சீமெந்து வைத்து அடைக்கப் போகாதீர்கள். வெடிப்புக்குள் மணல் கூட்டிவிடுங்கள், அதுவே துளைக்கு ஈடு. முல்லைத்தீவுக் கரையோர மணல் மைதானங்களுக்கு இங்கே சொன்னதில் பாதி தேவையில்லை. மழை விட்டவுடன் வடியும். அங்கே குறை ஈரம் நிற்காததும் சத்து நிற்காததும். சாணிக் கூளம், கொம்போஸ்ட் தூவுங்கள்.

ஜிப்சம் போட்டால் களி இளகும் என்று யாராவது சொன்னால், மண்ணில் சோடியம் கூடவா என்று முதலில் சோதியுங்கள். கூட இருந்தால் உதவும், இல்லாவிட்டால் காசுதான் கரையும். விவசாயத் திணைக்களத்திடமோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்திடமோ மண் பரிசோதனை பற்றிக் கேட்கலாம்.

வெள்ளம் வந்து வண்டல் படிஞ்சு போச்சு. புல் தப்புமா?

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போதும் பல இடங்களில் இதுதான் கேள்வி. அறுகு சில நாள் தண்ணீருக்குள் கிடந்தாலும் தப்பும். அதைக் கொல்வது பெரும்பாலும் மேலே மூடிய வண்டல். விரல் நக அளவுக்கு மெல்லிய படை என்றால் காய்ந்து ஓடாக வெடிக்கும்வரை விட்டு, விளக்குமாறாலோ ஈர்க்கு வாரியாலோ உடைத்துப் பரப்புங்கள். இரண்டு மூன்று அங்குலம் என்றால் தட்டை மண்வெட்டியால் சீவி வெளியே எடுக்க வேண்டும். வயலுக்கு அந்த வண்டல் நல்லது. கேட்டால் யாராவது வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள்.

சீவிய பின் மண்ணைக் கிண்டி மணந்து பாருங்கள். அழுகிய முட்டை மணமும் கருமையும் இருந்தால் அடியில் காற்று இல்லை. அந்த இடத்துக்குக் கவர்தான் மருந்து, யூரியா அல்ல.

யூரியா எவ்வளவு?

மழைக்குப் பின் புல் மஞ்சளாக இருப்பது பல நேரம் பசியால் அல்ல, வேர் மூச்சுத் திணறுவதால். துளை போட்டு ஒரு வாரம் பார்த்து, புதுத் தளிர் வந்த பிறகு போடுங்கள். சதுர மீற்றருக்கு 5 கிராம், முழு மைதானத்துக்கு 32 கிலோ. ஒரு மூட்டையில் மிச்சம் வர வேண்டும். இலை காய்ந்திருக்கும்போது வீசி, உடனே தண்ணீர் விட வேண்டும் அல்லது தூறலுக்கு முதல்நாள் வீச வேண்டும். பனி ஈரத்தில் வீசினால் இலை கருகும்.

எந்தப் புல் வைக்கலாம்?

அறுகு. கடையில் விதை தேடவும் வேண்டாம். வாய்க்கால் வரம்பில் இருப்பதைத் தண்டோடு பிடுங்கி, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியிலுமாக, ஒரு சாண் இடைவெளியில் நட்டு, மிதித்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரம் காத்தால் இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். வீட்டு முற்றத்தில் வைக்கும் அகல இலைப் புல் பார்க்க அழகு. கோடைக்கும் பூட்சுக்கும் நிற்காது. உப்பு ஏறும் கடனீரேரி ஓரங்களில் அங்கே தானாக முளைத்து நிற்கும் புல்லையே எடுங்கள்.

வெட்டும் உயரம் பற்றி ஒரு வார்த்தை. கோல்ஃப் கிறீனை 3, 4 மில்லிமீற்றரில் மழிப்பார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டுப் பிரஷ் கட்டரால் மண் தெரிய வழிப்பவர்கள் இருக்கிறார்கள். உதைபந்தாட்டத்துக்கு 3 சென்ரிமீற்றருக்குக் குறைய வேண்டாம். மாரியில் முழங்காலளவு வளர்ந்ததை ஒரே நாளில் இறக்கவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் உயரத்தில் மூன்றிலொன்று, வெட்டியதை வாரி அகற்ற வேண்டும்.

ரோலர் போட்டால் மட்டமாகாதா?

ரோலர் மேட்டு மண்ணை அள்ளிப் பள்ளத்தில் போடாது. மேட்டையும் பள்ளத்தையும் அப்படியே இறுக்கும். வீதி வேலைக்கு வந்த பெரிய ரோலரைச் சாரதியோடு கதைத்து உள்ளே கூப்பிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குளம்பு பட்ட மேடுகளைத் தட்ட, பதத்தில், கையால் இழுக்கும் சிறு உருளை ஒரு தரம் போதும்.

மாடு?

இதற்கு இலகுவான பதில் இல்லை. காலபோகம் விதைத்தவுடன் வயலெல்லாம் அடைபடும். மேய்ச்சல் தரை போதாது. மாடு மைதானத்துக்குத்தான் வரும். சொந்தக்காரரோடு சண்டை பிடித்து ஆகப்போவதில்லை, அவருக்கும் வேறு இடமில்லை. ஒரு மாட்டின் குளம்பு ஈர மண்ணில் போடும் குழி பூட்சைவிட ஆழம். கட்டைக்கு முள்ளுக்கம்பி இழுப்பதும், கார்த்திகை மார்கழியில் மட்டுமாவது மாறிமாறிக் காவல் பார்ப்பதும்தான் வழி. பங்குனிக்குப் பின் தரை காய்ந்ததும் மாடு மேய்வதில் பெரிய கெடுதல் இல்லை. புல் வெட்டும் செலவு மிச்சம். அந்த ஏற்பாட்டை மாட்டுக்காரரோடு முன்னரே கதைத்துவைத்த கழகங்களில் மாரிக் காவலுக்கு அவர்களே உதவுகிறார்கள்.

பன்றி வேறு கதை. அது வருவது கோரைக்கிழங்குக்கு. கோரை வருவது ஈரம் நிற்கும் இடத்துக்கு. கான் சரியானால் இரண்டும் குறையும். நெருஞ்சியையும் தொட்டாற்சுருங்கியையும் காய் முற்ற முன்னர், மண் இளக்கமாக இருக்கும்போதே, வேரோடு பிடுங்குங்கள். வெறுங்காலில் ஓடும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

மாசியில மெய்வல்லுநர் போட்டி. மைதானம் காயேல்லை. அதிபர் திகதியை மாத்த மாட்டார்.

விளையாட்டு ஆசிரியர்களின் நிலைமை விளங்குகிறது. அழைப்பிதழ் அடித்தாயிற்று, பிரதம விருந்தினருக்குச் சொல்லியாயிற்று. மாற்ற முடியாவிட்டால் சேதத்தை ஒரு பக்கத்துக்கு ஒதுக்குங்கள். பயிற்சியைப் போட்டிப் பாதையில் வைக்காமல் வெளி ஓரத்தில் வையுங்கள். அணிநடைப் பயிற்சியை வீதியிலோ முற்றத்திலோ செய்யலாம். ஒரே இடத்தில் நூறு பேர் கால் தூக்கிக் குத்துவதுதான் தரைக்கு மிகப் பெரிய அடி. இல்லக் கூடாரங்களுக்குச் சாமான் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் (இரு சில்லு உழவு இயந்திரம்) கோட்டுக்கு உள்ளே வரக்கூடாது. சேறான இடத்துக்கு வைக்கோலோ மரத்தூளோ கொட்டினால் போட்டிக்குப் பிறகு கட்டாயம் வாரி எடுக்க வேண்டும். விட்டால் அழுகிப் புல்லை மூடும். போட்டி முடிந்த மறுவாரம் கோல்வாயையும் ஓடுபாதையையும் கவர் போட்டு, இரண்டு கிழமை பூட்டுங்கள்.

சிரமதானத்துக்கு வாற பிள்ளைகளுக்கு வருத்தம் வராதா?

எலிக்காய்ச்சலைக் கவனியுங்கள். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிரிழப்புகள் ஏற்பட்டன. தேங்கிய நீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு, அதுவும் காயத்தோடு, இறங்க விடாதீர்கள். வேலைக்கு முன்னர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தடுப்பு மருந்து தேவையா என்று கேளுங்கள். பிறகு காய்ச்சலும் தசைநோவும் வந்தால் சேற்றில் வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். புல் கும்பிகளைக் கையால் தூக்க முன்னர் தடியால் தட்டுங்கள். வெள்ளத்துக்குப் பின் விரியன் மேட்டுக்குத்தான் வரும்.

கோடையில தண்ணி விடோணுமா?

ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் முழு மைதானத்துக்கு 6,400 லீற்றர். சோளகம் அடிக்கும் மாதங்களில் ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீற்றர் ஆவியாகும் என்று வையுங்கள்: 32,000 லீற்றர். குடிக்கவே பவுசர் ஓடும் ஊர்களில் அது நியாயமில்லை. அறுகு பழுப்பாகி உறங்கட்டும், முதல் மழையோடு எழும்பும். இருக்கிற தண்ணீரைப் புதிதாக நட்ட கோல்வாய்க்கு மட்டும் விடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து சிலர் வன்னியில் கோல்ஃப் மைதானமே போடலாமா என்று கேட்கிறார்கள். றோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் 1879இல் தொடங்கியது, நுவரெலியாக் கழகம் 1889இல். இரண்டும் மழை கிடைக்கும் ஈரவலயத்தில் இருப்பவை. இங்கே 18 குழிக்கு 100 ஏக்கருக்கு மேல் நிலமும், மேலே சொன்ன கணக்கில் எத்தனையோ மடங்கு தண்ணீரும் வேண்டும். அந்தக் காசில் ஒரு சிறு பங்கு எத்தனை பாடசாலைகளின் கானையும் மதகையும் சீராக்கும் என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

அடுத்த மாரிக்கு முதல் என்ன செய்யோணும்?

ஆவணியில், எல்லாம் காய்ந்து தெளிவாகத் தெரியும்போது, கானையும் மதகையும் தூர்வாருங்கள். கோல் கம்பங்களைக் கழற்ற முடிந்தால் சில மீற்றர் நகர்த்தி, போன வருசக் கோல்வாய்க்கு ஓய்வு கொடுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்யும்போது ஒருவர் குடையோடு போய், தண்ணீர் எந்த மூலையால் வருகிறது, எங்கே நிற்கிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து அந்தந்த இடத்தில் தடி நட வேண்டும். போனில் படமும் எடுங்கள், நேரம் திகதி தெரியும்படி. மதகு கேட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதும்போது அந்தப் படங்களை இணைத்து, கையளித்த பிரதியில் சீல் போட்டு வாங்கி வையுங்கள்.